கேட்டவள் எழுந்து போகவில்லை

தலைமை நாற்காலியில் அமர்ந்திருக்கும் செவிலியர் பள்ளி முதல்வர் அம்மையார் அவர்களே! உங்கள் மேல் எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. அதை இந்த மேடையிலேயே தீர்க்கப் போகிறேன், தண்ணீர் குடித்துத் தயாராக இருங்கள். பாடம் சொல்லும் ஆசிரியைகளே! பெற்றதை எல்லாம் இந்தப் படிப்புக்கு அனுப்பிவிட்டுப் பின் வரிசையில் பூரித்திருக்கும் தாய்மார்களே! நாளைக் காலை மனநல வார்டுக்குள் முதன்முதலாகக் கால் வைக்கப் போகும் என் கண்மணிகளே! உங்கள் அத்தனை பேருக்கும் என் அன்பு வணக்கம்.

என்ன, பின்னாலிருந்து குரல் வருகிறது? "சத்தமாப் பேசுங்க பாட்டி"யா? பாட்டியா? உங்கப்பனுக்கே நான் அக்கா முறை. உட்கார்.

நான் அதிகம் படித்தவள் இல்லை. ஆனால் எனக்கு யார் என்ன சொன்னாலும் மறக்காது. பிள்ளை பெற்ற என் மகள் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டபோது, "எல்லாம் சோம்பேறித்தனம்" என்றாள் என் நாத்தனார். இன்றுவரை அவள் வீட்டுத் தண்ணீரை நான் தொட்டதில்லை.

அழுதாளா என் மகள்? அழவில்லை. சிரித்தாளா? சிரிக்கவில்லை. தையல் மெஷினில் ஊர்த் துணியெல்லாம் ஓட்டிய விரல்கள், பெற்ற பிள்ளையைத் தொடவும் தெம்பில்லாமல் கிடந்தன. "சாப்பிட்டியா?" என்று கேட்டோம். "தூங்கினியா?" என்று கேட்டோம். கேட்க வேண்டியதை யார் கேட்டோம்? ஒருவரும் கேட்கவில்லை!

மனநல வார்டில் சேர்த்தோம். ஒரு சாண் மட்டுமே திறக்கும் ஜன்னல். அதன் பக்கத்தில் கட்டில். அங்கே வந்தாள் ஒரு பயிற்சி மாணவி. சீருடை அவளைவிடப் பெரியது. தோளில் ஊக்குக் குத்தி நிறுத்தியிருந்தாள். அதனால் வார்டு முழுக்க அவளுக்கு 'ஊக்கு' என்றே பெயர். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா?"

என் மகள் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

"செத்துப் போயிடலாம்னு தோணுதா அக்கா?"

என் கையிலிருந்த பிளாஸ்க் மூடி உருண்டு கட்டிலுக்கடியில் போனது. "ஏண்டி, நல்ல வார்த்தையே உன் வாயில வராதா? இல்லாத நெனப்ப நீயே எடுத்துக் குடுக்கறியா? எந்திரி மொதல்ல!"

அவள் நாற்காலி விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் எழுந்தாளா? எழவில்லை!

சுவரைப் பார்த்தபடியே என் மகள் சொன்னாள்: "ஆமா. தெனமும் தோணுது."

அந்த மூன்று சொல்லுக்குள் என் உலகமே ஒடுங்கிப்போனது.

"சொன்னீங்களே அக்கா, அதுவே பெரிசு. பெரிய சிஸ்டர வரச் சொல்றேன். நான் இங்கதான் இருக்கேன்." நாற்காலியை விட்டு நகராமலே தலைமாட்டு மணியை அழுத்தினாள். பிறகுதான் நான் பக்கத்திலேயே இருப்பது அவளுக்கு நினைவு வந்தது. "அம்மா இங்கயே இருக்கட்டுமா, வெளிய போகட்டுமா அக்கா?"

"இருக்கட்டும். ஆனா வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லு."

சிரிக்காதீர்கள்! அன்று திறக்கவில்லைதான்.

அன்று மாலையே தாழ்வாரத்தில் ஆசிரியை அவளைப் பிடித்துக்கொண்டார். "கேட்ட கேள்வி சரி. கேட்ட விதம் தப்பு. அம்மாவ வெளிய உக்கார வச்சிட்டு இல்ல கேக்கணும்?" ஊக்கு அழுதாள். நன்றாக அழட்டும் என்று நின்று பார்த்தேன். பிறகு மனசு கேட்கவில்லை.

"எங்கேடி கத்துக்கிட்ட இந்தக் கேள்விய?" என்றேன்.

"வகுப்புல ஒருத்தி நோயாளியா நடிப்பா, ஒருத்தி கேக்கணும்மா. எல்லாரும் சிரிச்சிடுவோம். எனக்குச் சத்தமே வராது. அதான் ஹாஸ்டல் கண்ணாடியப் பாத்துக் கேட்டுப் பழகினேன். மொத தடவ கேட்டப்போ, கண்ணாடியில இருந்தவ அழுதுட்டா."

கண்மணிகளே, அந்த ஊக்குதான் இதோ, தலைமை நாற்காலியில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்!

முதல்வர் அம்மா, பெற்றவள் எதிரிலேயே கேட்டீர்களே, அந்தத் தப்பை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் மாட்டேன். மாணவிகளே, நீங்கள் தனியாகவே கேளுங்கள். எல்லாத் தாயும் வாயை மூடுவாள் என்று நம்பாதீர்கள். ஆனால் கேளுங்கள்! குரல் நடுங்கினாலும் கேளுங்கள்! அம்மா அதட்டினாலும் கேளுங்கள்! கேட்டுவிட்டு, நாற்காலியை விட்டு எழாதீர்கள்!

என் மகள் எங்கே என்கிறீர்களா? மாதக்கணக்கில் மருந்து, பேச்சு, தூக்கம் என்று மெல்ல மெல்ல மீண்டாள். மூன்றாம் வரிசையில் நீலப் புடவை. நான் போட்டிருக்கும் ரவிக்கை அவள் தைத்தது; கை கொஞ்சம் இறுக்கம், அதையும் நான் மறக்கமாட்டேன்.

போன வருஷம் என் வீட்டுக்காரர் போய்விட்டார். நானும் சுவரைப் பார்த்துப் படுத்தேன். வருகிறவர்கள் எல்லாரும் "சாப்பிட்டீங்களா?" என்றார்கள். என் மகள் மட்டும் தன் தையல் கடையைப் பூட்டிவிட்டு வந்தாள். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டா?"

எந்தக் கேள்வி என்று எனக்குத் தெரியும். "கேளு" என்றேன்.

கேட்டாள். நான் என்ன பதில் சொன்னேன் என்பது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்தது. இந்த மைக்குக்கு வேண்டாம். ஆனால் கேட்டவள் எழுந்து போகவில்லை. அதனால்தான் இன்று உங்கள் முன்னால் நின்றுகொண்டிருக்கிறேன்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. நாளை நீங்கள் இழுத்துப் போடப் போகும் நாற்காலிகளுக்கும் என் வணக்கம்.