இரண்டு இடக்கை வைத்த சட்டை

தையற்கூடத்தின் தலைமகளாய் மேடை நடுவே வீற்றிருக்கும் மேலாளர் அம்மா அவர்களே, வெட்டுமேசையில் விரல் தேய்ந்து முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் மூத்தோர்களே, நூலும் கையுமாய் ஊருக்கெல்லாம் உடை கொடுக்கும் தாய்மார்களே, இடம் கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் தோழர்களே, உங்கள் அனைவரையும் நெஞ்சாரத் தொழுகிறேன்.

என் குரலை எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதா? ஆமாம் அம்மா, சரியாகச் சொன்னீர்கள். பேருந்து நிலையத்தில் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொண்டை கிழியக் கத்துகிறவன் நான்தான். இங்கே சட்டைக்குக் கை வைத்துத் தைக்கும் ஒருத்தியின் கணவன் என்ற உரிமையில், தைத்த துணியில் பிழை பார்க்கும் வேலையிலிருந்து இன்று ஓய்வு பெறும் செக்கர் அக்காவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை என் மனைவியின் விரலில் மெஷின் ஊசி ஏறிவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு தைத்தாள். வியாழன் காலை உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. "ஏன் இப்படி நடுங்குற?" என்றேன். "பஸ்ஸு இன்னும் வரலையே" என்றாள். அடுப்படியில் நின்றுகொண்டு சொன்னாள் ஐயா. நான் என்ன செய்தேன்? சிரித்தேன். "என் வேலைக்கே உலை வைக்கிறியா?" என்று கிண்டல் செய்து, காய்ச்சல் மாத்திரை ஒன்றைக் கொடுத்து வேலைக்கு அனுப்பினேன். கட்டியவளின் பேச்சு தடம் மாறியது தெரியாத எனக்கு, ஊருக்கு வழி சொல்லும் உத்தியோகம்.

பதினோரு மணிக்கு அவள் தைத்த சட்டை அக்காவிடம் போனது. அதில் இரண்டுமே இடக்கை. பன்னிரண்டு வருடத்தில் ஒரு தையல் பிசகாதவள் அவள். வேறொருவர் என்ன செய்திருப்பார்? தூக்கி எறிந்திருப்பார், திட்டித் தீர்த்திருப்பார். அக்கா எழுந்து போய் அவள் கையைப் பிடித்தார். கை சில்லிட்டிருந்தது, மூச்சு இரைத்தது. "இன்னிக்கு என்ன கிழமைம்மா?" என்று கேட்டார். "மத்தியானம்" என்றாள். அவ்வளவுதான், துணி ஏற்றும் வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்துவிட்டார்.

செப்சிஸ் என்றார்கள். அந்தச் சொல்லையே அன்றுதான் கேட்டேன். கிருமிக்கு உடனே மருந்து ஏற்றினார்கள். மறுநாளும் இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. "மருந்து குடுத்த பிறகும் ஏன் டாக்டர்?" என்றேன். "கிருமி குறையுதுங்க. அதை அடிக்கக் கிளம்பின எதிர்ப்பு சக்திதான் இன்னும் அடங்கல. விரல்ல மட்டும் வீங்கிச் சிவந்து முடிய வேண்டியது, உடம்பு முழுக்க நடக்குது. இரத்தக் குழாயெல்லாம் தளர்ந்து கசியுது. பொடிக் குழாய்கள்ல இரத்தம் உறையுது. சிறுநீரகத்துக்குப் போதுமான இரத்தம் போய்ச் சேரல" என்றார் டாக்டரம்மா.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் உடம்பா அவளைக் கொல்லப் பார்க்கிறது? அதற்கு அந்த அம்மா சொன்னார்: "திட்டாதீங்க. யாராவது மயங்கி விழுந்தா, பாசத்துல எல்லாரும் சுத்தி நின்னுக்குவாங்க இல்ல? விழுந்தவங்களுக்குக் காத்து வராது. அது மாதிரிதான். காப்பாத்தத்தான் ஓடி வந்துச்சு, அளவு தெரியல."

அன்பர்களே, அங்கேயே அழுதேன். எனக்கு ஒரு தலைவலி என்றால் தெருவையே திரட்டிக்கொண்டு வந்து நிற்கிறவள் அவள். அவள் உடம்பு மட்டும் வேறு எப்படி இருக்கும்?

ஒன்பது நாள் அவள் கண் திறக்கவில்லை. பத்தாம் நாள் திறந்தாள். இரத்தம் ஓடாமல் இரண்டு விரல்நுனிகள் போய்விட்டன, உயிர் இருந்தது. இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் அதுவும் இல்லை என்றார்கள்.

ஆகவே கேட்கிறேன். காயம் சிறியதென்று கண்டுகொள்ளாமல் இருப்பீர்களா? காய்ச்சலோடு நடுக்கமா, கைகால் சில்லிடுகிறதா, மூச்சு முட்டுகிறதா, பேச்சு பிறழ்கிறதா? சிரிக்காதீர்கள், என்னைப்போல் சிரிக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். "செப்சிஸா இருக்குமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

அக்கா, குற்றம் கண்டுபிடிக்கத்தான் உங்களுக்குச் சம்பளம். அன்று நீங்கள் சட்டையை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தீர்கள். இதற்கு எந்த மாலையைப் போட்டு ஈடு செய்வேன்?

இதோ, நாலாவது வரிசையில் இருந்து என் மனைவி கையை ஆட்டுகிறாள். "போதும், அக்கா பேசட்டும், இறங்குங்க" என்கிறாள். இறங்குகிறேன் அம்மா, இறங்குகிறேன். என்னை இறங்கச் சொல்ல அவள் இருக்கிறாள் அக்கா. நீங்கள் எனக்குக் கொடுத்தது அதைத்தான். பொறுமையாய்க் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி, வணக்கம்.