தாயிடம் தனியாகக் கேட்டவை

உட்கார்ந்தே சொல்கிறேன், மேடம். மலை ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்துவிட்டது. காலை நீட்டிக்கொண்டால் நிதானமாகப் பேச வரும்.

என் பெயர் அம்சவள்ளி. கிராம சுகாதார செவிலியர். கள்ளக்குறிச்சியில் வீடு, கல்வராயன் மலையில் வேலை. கரியாலூர் வரைக்கும் பஸ், அதற்குமேல் நடைதான். பிள்ளை பெற்றவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பேன். குழந்தையைத் தராசில் தொங்கவிட்டு எடை பார்ப்பேன். தொப்புள் காய்ந்துவிட்டதா, தாய்க்குப் பால் சுரக்கிறதா, தையல் ஆறிவிட்டதா என்று கவனிப்பேன். அலுப்பான வேலைதான். ஆனால் குறை வைத்ததில்லை.

நடுவில் எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. பிள்ளை பெற்றவளைத் தனியாக வைத்து, வீட்டில் யாராவது அடிக்கிறார்களா, பயமாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். சொன்னால் அதை வீட்டாரிடம் மூச்சுவிடக்கூடாது. உதவி மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நல்ல யோசனைதான். வகுப்பில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தபோது எனக்கும் நல்லதாகத்தான் பட்டது.

முதலில் மலையில் ஓர் ஊரில் பாப்பாத்தி என்பவள், புருஷன் அடிக்கிறான் என்று சொன்னாள். முறைப்படி தெரிவித்தேன். போலீஸ் வந்து அவள் புருஷனை அழைத்துப் போனது, மறுநாளே அனுப்பிவிட்டது. அதற்குப் பிறகு அந்த ஊரில் ஒரு வீட்டிலும் எனக்குக் கதவு திறக்கவில்லை. தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பினேன். அந்த மழைக்காலத்தில் அங்கே ஒரு குழந்தை கக்குவான் இருமலில் செத்துப்போனது. ஊசி போட்டிருந்தால் பிழைத்திருக்கும். அந்தக் கணக்கை யார் கேட்டார்கள்?

அதனால் வேறு வழி பிடித்தேன். தனியாகக் கேட்பதை நிறுத்தவில்லை. கேட்டேன், அவர்களும் சொன்னார்கள். புதிதாகப் பிள்ளை பெற்றவளிடம் "நீ எப்படிம்மா இருக்கிற?" என்று கேட்டாலே போதும், கண் நிறைந்துவிடும். கேட்டதை வெளியே வரும்போது மாமியாரிடமோ புருஷனிடமோ பக்குவமாகச் சொல்லிவிடுவேன். உங்க வூட்டு விஷயம் வெளிய வருது, பாத்து நடந்துக்கோங்க. அவ்வளவுதான். அவர்களுக்கு என்மேல் நன்றி. உட்காரப் பலகை போட்டார்கள், தேன் கொடுத்தனுப்பினார்கள், குழந்தைகளைத் தாங்களே தூக்கிக்கொண்டு ஊசிக்கு வந்தார்கள். அந்தப் பெண்களின் முகத்திலும் அப்புறம் காயம் தெரியவில்லை. முதுகைப் பார்ப்பது என் வேலையில் சேராது.

அவர்கள் மறுபடி என்னிடம் எதுவும் சொல்லவில்லை. குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

இனி செவ்வந்தி. களமருதூர்ப் பெண். அவள் புருஷன் வீரமுத்து மலைக்காரன். கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போன இடத்தில் அவளுடைய அண்ணனோடு பழக்கமாகி, அப்படி முடிந்த கல்யாணம். பெண் குழந்தை பிறந்திருந்தது. மாமியார் செல்லியம்மாள் தண்ணீருக்குப் போன நேரத்தில் செவ்வந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கழுத்த புடிக்கிறாருக்கா. அடிச்சாக்கூடப் பரவால்ல, தாங்கிக்கலாம். கழுத்துல கை வச்சா கண்ணு இருட்டிக்கினு வருது. ஒருநாளு செத்துடுவேன்."

முந்தானையை விலக்கிக் கழுத்திலிருந்த தடத்தைக் காட்டினாள். கழுத்தில் கை வைக்கிறவன் ஒருநாள் கொல்வான், அங்கே தாமதிக்காதீர்கள் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். நினைவிருந்தது.

"ஊசி போடற அன்னிக்கு, கொழந்த எடை கம்மியா கீது, பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போவணும்னு அத்தகிட்ட சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா நம்புவாங்க. கள்ளக்குறிச்சி வரைக்கும் போதும். அங்கிருந்து எங்கண்ணன் வூட்டுக்கு நான் போய்க்குவேன்."

சரி என்றேன். அவள் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இறங்கி வரும்போது வீரமுத்து கொல்லையில் மரவள்ளிக்கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் மண்ணைத் தட்டி நாலு கிழங்கைப் பையில் போட்டுக் கொடுத்தான். தங்கமான மரியாதை. அவள் என்னோடு போய்விட்டால் அந்த ஊரும் எனக்குச் சாத்திக்கொள்ளும். ஊசி போட வேண்டிய குழந்தைகள் அங்கே நிறைய இருந்தார்கள். அவர்களை நினைத்துத்தான் சொன்னேன்.

"ஊசி அன்னிக்கு அவ அண்ணன் வூட்டுக்குக் கெளம்பறதா இருக்கிறா. நீயே நல்லபடியா கூட்டிக்கினு போய் வுட்டுட்டு வாப்பா. கழுத்துலல்லாம் கை வைக்காத."

அவன் குனிந்து அடுத்த கிழங்கைப் பிடுங்கினான்.

"அவளா சொன்னா?"

"வேற யாரு சொல்லுவாங்க?"

"சரிங்க சிஸ்டர். நான் பாத்துக்கறேன்."

சத்தம் போடவில்லை, முகம்கூட மாறவில்லை. பொறுப்பான பையன் என்று நினைத்தபடி பஸ்ஸுக்கு நடந்தேன்.

ஊசி போடுகிற நாளில் போனபோது செவ்வந்தி வீட்டு வாசலில் கூட்டம். விடியற்காலையில் பலாமரத்தில் தொங்கிவிட்டாள் என்றார்கள். உள்ளே பாயில் கிடத்தியிருந்தார்கள். செல்லியம்மாள் என்னைத் தனியே இழுத்துப் போனாள்.

"நர்சம்மா, எம்புள்ளைய நீதான் காப்பாத்தணும்."

நான் கழுத்தைப் பார்த்தேன். கயிற்றுத் தடம் மேலாக இருந்தது. அதற்குக் கீழே இரண்டு பக்கமும் விரல் பதிந்திருந்தது. இத்தனை வருஷம் செவிலியராக இருப்பவளுக்கு அது போதும்.

அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு துணிப்பை இருந்தது. குழந்தையின் சட்டைகள், துவைத்து மடித்த இடுப்புத் துணிகள், அவளுடைய இரண்டு புடவைகள். ஊருக்குக் கிளம்ப மூட்டை கட்டி வைத்தவள் தூக்கு மாட்டிக்கொள்வாளா என்று போலீஸ் கேட்கும். அதனால் ஒவ்வொன்றாக எடுத்து உதறிக் கொடியில் போட்டேன். வெறும் பையை அடுப்பில் வைத்தேன். செல்லியம்மாள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். வந்த வேலையை விடக்கூடாது என்று குழந்தைக்கு ஊசி போட்டேன். வீரிட்டு அழுதது. பாட்டி சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்ததும் அடங்கிவிட்டது.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம், பிள்ளை பெற்ற சில பேருக்கு மனம் பேதலிக்கும் சார், இவளும் காரணமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள், நானே பார்த்திருக்கிறேன் என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. செவிலியர் சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

அவள் அண்ணன் விடாமல் அலைந்து மனு மேல் மனு போட்டிருக்கிறான். அதனால்தான் நீங்கள் மறுபடி விசாரிக்கிறீர்கள், பொறுமையாகவும் கேட்கிறீர்கள். எனக்கும் களைப்பாக இருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள். செவ்வந்திக்கு மனம் பேதலிக்கவில்லை. நான் பார்த்த பெண்களில் அவளைப்போலத் தெளிவாக யோசித்தவள் கிடையாது. அவள் போகப்போகும் நாளை அவனிடம் சொன்னது நான். விரல் தடத்தைப் பார்த்துவிட்டு மறைத்ததும் நான்தான். இதையெல்லாம் அந்த ஊர்க் குழந்தைகளுக்காகச் செய்தேன். அங்கே இன்றைக்கு ஊசி போடாத குழந்தை ஒன்றுகூட இல்லை, போய்ப் பாருங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், மேடம். என்னை மலைக்கு அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். கரியாலூருக்கு மேலே கொளஞ்சி என்று ஒருத்தி, பச்சை உடம்புக்காரி, என்னை எதிர்பார்த்துக்கொண்டிருப்பாள். போன வாரம் அவளும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு விஷயம் சொன்னாள். நான் முன்னைப்போல இல்லை, மேடம், திருந்திவிட்டேன். அவள் புருஷனிடம் அதை இன்னும் சொல்லவில்லை.