பத்தாம் நாள் சவரம்

இல்லை ஓய், நான் வெளையாடல. மொட்டைன்னுதான் சொன்னேன். தலை, மீசை, ரெண்டும். கிராப்பு வெட்டிக்க வரல. காது நன்னாத்தான் கேட்டுது உமக்கு.

சீக்கிரம் கத்தியைத் தீட்டும். பதினோரு மணிக்கு நாப்பது பேர் கம்பும் கையுமா எங்க வலியசாலை அக்ரஹாரத்துக்கு வரா. எனக்கும் தெரியும், உமக்கும் தெரியும். அதுக்குள்ள நான் வலியசாலைக்குத் திரும்பணும். போற வழில கிள்ளியாத்துல முங்கி, எள்ளும் தண்ணியும் விட்டுட்டு, ஈர வேஷ்டியோட போய் நிக்கணும். நேரமில்லை தங்கையன்.

என்ன முழிக்கறீர்? அதே சேஷன்தான். சர்க்கார் ஹஜூர் கச்சேரியில குமாஸ்தா, வெங்கடேஸ்வர வாத்தியார் பிள்ளை. ஓ, நீர்னு கூப்பிடறதுக்கா? எங்கப்பா உம்மை வாடா போடாம்பார், கேட்டுக் கேட்டு உமக்கு அது பழகிடுத்து. என்னைவிட இருபது வயசு மூத்தவர் நீர். அவர் வாய் அவருக்கு, என் வாய் எனக்கு. எங்க தெருவில ஒருத்தன் இந்தக் கடைப் படி ஏறமாட்டான், நீர்தான் கொல்லப்பக்கமா வந்து கெணத்தடியில ஒக்காந்து சவரம் பண்ணிட்டுப் போகணும். இன்னிக்கு நான் ஏறிட்டேன். கூரை ஒண்ணும் இடிஞ்சு விழலியே.

தெரியும், தெரியும். அப்பா இருக்கார். காலம்பற நீர் அந்த வழியா வந்தப்போகூட பஞ்சாங்கத்தைப் பிரிச்சு வெச்சுண்டு கல்லு மாதிரி ஒக்காந்திருப்பார். தகப்பன் உசிரோட இருக்கறப்போ பிள்ளை மீசையை எடுத்து எள்ளைத் தொட்டா, தகப்பன் போயிட்டான்னு ஊருக்குத் தமுக்கடிச்ச மாதிரி. அதை எனக்கு நீர் சொல்ல வேண்டாம். இந்த ஊர்ல பாதிப் பேர் கையில எள்ளும் தர்ப்பையும் எடுத்துக் குடுக்கறதே அவர்தான். அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

ஒளிச்சுப் பண்ணல. நேத்திக்கே அவர்கிட்ட பறஞ்சாச்சு. நாளைக்கு மகாத்மாவுக்குப் பத்து, நான் மொட்டை அடிச்சுக்கப் போறேன்னேன். பஞ்சாங்கத்தை மூடி வெச்சார். அப்பறம், மொட்டையோட வந்தா இந்தப் படி ஏறாதே, எனக்குப் பிள்ளை இல்லைன்னு நெனைச்சுக்கறேன்னார். செரி, ஏறலன்னேன். அவ்வளவுதான். எங்காத்துல சண்டைன்னா ரெண்டு வரிதான்.

பத்தா இல்லியான்னு நீரே பாரும். வெள்ளிக்கெழமை சாயரட்சை டெல்லியில சுட்டான். அந்த வெள்ளி ஒண்ணு, அடுத்த வெள்ளி எட்டு, இன்னிக்கு ஞாயிறு. பத்தாம் நாள்தானே? நாடு பூரா பிதா பிதான்னு சொல்றது. பிதா போனா நம்மள்ல மொட்டை அடிச்சுக்கறதுதான் வழக்கம். அதிகப்படியா நான் ஒண்ணும் கேட்டுடல. அவர் பெத்த பிள்ளைகள் நாலு பேர் இருக்காளே, உமக்கென்னங்கறீர். இருக்கட்டுமே. அஞ்சாவதா நான் ஒருத்தன் இருந்துட்டுப் போறேன்.

ம், தண்ணியை நன்னாத் தடவும். அப்படித்தான்.

எங்க சூப்ரண்ட் ஒரு வார்த்தை பறஞ்சார், கேட்டீரா. சேஷா, அகிம்சை அகிம்சைன்னவரே குண்டு பட்டுத்தான் போனார், அவரோட அதுவும் தீர்ந்துது, இனிமே படத்துல மாட்டி மாலை போடத்தான் ஆகும்ன்னார். நான் சும்மா இருக்கலாம், என் வாய் இருக்காது. சார், காலரா வார்டுல வேலை பாத்த டாக்டர் காலரா வந்து செத்துப்போனா, மருந்தே வேண்டாம்னு ஆர்டர் போடுவேளான்னேன். போய் ஃபைலைப் பாருன்னார்.  சாரமில்ல, போகட்டும். ப்ரமோஷன் இந்த வருஷம் இல்லைன்னு தெரிஞ்சுண்டேன்.

மெதுவா, மெதுவா. வலது காதுக்கு மேல ஒரு தழும்பு இருக்கும், கத்தி தடுக்கும். ஆமா, அதேதான். முப்பத்தெட்டுல வாங்கினது. பொறுப்பாட்சி கேட்டு ஊர்வலம் போனோமே, அப்போ. நான் காலேஜ்ல இருந்தேன். எனக்குப் பக்கத்துல யார் தெரியுமோ? ஸ்ரீகண்டன். சாலைச் சந்தையில மூட்டை தூக்கறானே, அவனேதான். போலீஸ் லத்தியோட வரத்தே ரெண்டு பேரும் விரலைக் கோத்துண்டோம். அவன் கை ஓங்கினா நான் பிடிச்சுக்கணும், நான் ஓங்கினா அவன் பிடிச்சுக்கணும். அப்படி ஒரு பந்தயம். அவனுக்குத் தோள்ல விழுந்தது, எனக்கு இங்க. அவன் கை எவ்வளவு பலம்னு உமக்குத் தெரியும், அந்தக் கையால ஒரு எறும்பைக்கூட அவன் தொடல அன்னிக்கு. என்னை அடிச்ச போலீஸ்காரன் அடிச்சிட்டு அவனே மூஞ்சியைத் திருப்பிண்டான். நம்மளைப் பாக்க முடியல அவனுக்கு. அன்னிக்குத்தான் எனக்கு இந்த சமாச்சாரம் புரிஞ்சுது, புஸ்தகத்துல படிச்சு இல்லை.

அடி வலிக்கலன்னு சொன்னா நம்புவீரா? அப்போ மரத்துப்போச்சு. ஆஸ்பத்திரியில கம்பவுண்டர் காயத்துல ஒட்டிண்ட முடியை ஒண்ணொண்ணாப் பிடுங்கினார் பாரும், அப்போ அழுதேன். ஸ்ரீகண்டன் பக்கத்துல நின்னுண்டு சிரிச்சான்.

அந்த ஸ்ரீகண்டன் நேத்து சாயங்காலம் இதே பெஞ்சிலதானே ஒக்காந்திருந்தான்? மறைக்க வேண்டாம். அவனே என்னைத் தேடிண்டு வந்து சொன்னான். மகாத்மா போன மறுநாள் உங்க தெருவில எவனோ வீடு வீடாக் கல்கண்டு குடுத்திருக்கான், நாளைக்கு பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்கா உடைச்சிட்டு நாங்க வரோம், ஆளைக் காட்டலைன்னா எல்லா வீட்டிலயும் ஏறுவோம், நீ மட்டும் அங்க நிக்காதே சேஷான்னான். காந்திக்காக அடிக்கப் போறாளாம், அதுக்கு ஒரு தேங்கா. பிள்ளையார் பாவம், அவர் வேண்டாம்னா சொல்லப் போறார்?

அந்த சேதி எங்கேர்ந்து போச்சுன்னும் தெரியும். போன புதன்கெழமை நீர் எங்க தெருவில கொல்லப்பக்கமா சவரத்துக்கு வந்தப்போ ஏதோ ஒரு அடுக்களைப் பேச்சு உம்ம காதுல விழுந்தது. கல்கண்டு வந்தது விழுந்தது, எந்த வீட்டிலேர்ந்துன்னு விழல. உமக்குப் பொறுக்கல, இங்க வந்து சொல்லிட்டீர். நான் உம்மைக் குத்தம் சொல்ல வரல. எனக்கும் பொறுக்கல. அந்தக் கல்கண்டுக் கிண்ணத்தைப் பிடுங்கி அந்த மூஞ்சியிலயே எறியணும்னு தோணித்து. கை எழும்பிடுத்து, நிஜமா. பிடிச்சுக்க ஸ்ரீகண்டன் பக்கத்துல இல்லை. நானே ஒரு கையால இன்னொரு கையைப் பிடிச்சுண்டேன்.

போலீஸுக்குப் போகலாமேங்கறீரா? போகலாம். அவா வந்து ஸ்ரீகண்டன் மண்டையை உடைப்பா. அது எனக்கு வேண்டாம். அவன் விரல் இன்னும் என் விரல்லதான் இருக்கு. பின்ன அந்த ஆளை எங்கயாவது ஒளிச்சு வெக்கணும்ங்கறீர். அதுவும் மாட்டேன். எந்த வீடுன்னு அவன் கேட்டா, இந்த வீடுதான்னு காட்டுவேன். பொய் சொல்லிக் காப்பாத்தறதுக்கு மகாத்மா எதுக்கு, யார் வேணா பண்ணலாமே.

அடிச்சா என்ன ஆகும்னு சொல்லும். கல்கண்டு குடுத்தவருக்கு எழுபத்தாறு வயசு. ஒரு அடி தாங்கமாட்டார். தாங்கிட்டார்னு வையும், பாத்தியா, அகிம்சைக்காரா லட்சணத்தைன்னு ஆயுசு பூரா சொல்லிண்டிருப்பார். அவர் சொல்றது நெஜமாப் போயிடும். டெல்லியில ஒருத்தன் சுட்டான், மிச்சத்தை நம்ம ஊர்ல ஸ்ரீகண்டன் முடிச்சான்னு ஆகும். அதை நான் விடமாட்டேன். சூப்ரண்ட் சொன்னாலும் சரி, நாப்பது பேர் வந்தாலும் சரி, அது தீர்ந்துபோச்சுன்னு நான் ஒத்துக்கமாட்டேன்.

கெட்ட மனுஷன்னும் சொல்ல முடியல ஓய். முன்னெல்லாம் தெனம் ரெண்டு வேளை பத்மநாபசாமியைப் பாக்காம சாப்பிடமாட்டார். கோயிலை எல்லாருக்கும் திறந்தாளே, பதினோரு வருஷம் ஆச்சு, அன்னிலேர்ந்து அந்தப் பக்கம் போகல. காந்தி என் சாமியை எங்கிட்டேர்ந்து பிடுங்கிண்டான்ம்பார். சாமி அங்கயேதான் படுத்துண்டிருக்கார். இவருக்குத்தான் கால் எழும்பல. பதினோரு வருஷம் அதையே நெனைச்சு நெனைச்சு உள்ள என்னமோ பாழாயிடுத்து. மகாத்மா போன மறுநாள் காலம்பற குளிச்சிட்டுப் பூஜை அலமாரியிலேர்ந்து கல்கண்டை எடுத்துக் கிண்ணத்துல போட்டுண்டு நாலு வீடு ஏறி எறங்கினார். திரும்பி வந்து எனக்கும் நீட்டினார். இந்தா சேஷா, வாயைத் திறன்னார். சின்ன வயசுல ஜுரம் வந்தா அப்படித்தான் மருந்து குடுப்பார்.

ஆமா. எங்கப்பாதான்.

கத்தியை ஏன் எடுத்துட்டீர்? பாதி மொட்டையோட என்னை அனுப்பிடாதேயும், ஊர் சிரிக்கும். அந்தப் பக்கத்தையும் வழிச்சு முடியும்.

இப்போ அவசரம் என்னன்னு புரியறதா? படி ஏற எனக்கு அனுமதி இல்லை, அதனால படிக்குக் கீழ நிப்பேன். அவர் உள்ள, அவா வெளியில, நடுவுல நான். ஸ்ரீகண்டன் கேட்டா, கல்கண்டு குடுத்தவர் இவர், எள்ளு விட்டவன் நான், ரெண்டும் ஒரே வீடுதான், உள்ள போகணும்னா என்னைத் தாண்டிப் போன்னு சொல்லுவேன். கை ஓங்கமாட்டேன். நகரவும் மாட்டேன். அவன் அடிக்கறானோ, முப்பத்தெட்டு ஞாபகம் வந்து நிறுத்தறானோ, அது அவன் பாடு. அப்பா என்னைப் பிள்ளைன்னு சேத்துக்கறாரா இல்லியா, அது அவர் பாடு. நான் ரெண்டுக்கும் சேத்துத்தான் கெளம்பியிருக்கேன்.

நீரும் அவாளோட போறதாத்தானே இருந்தது? கதவுக்குப் பின்னால சாத்தி வெச்சிருக்கற கம்பை வந்தப்பவே பாத்தேன். வாரும், நன்னா வாரும். கம்பை மட்டும் இங்கயே வெச்சிட்டு வாரும். ஸ்ரீகண்டனுக்குப் பக்கத்துல போய் நில்லும். விரலைக் கோத்துக்க அவனுக்கும் ஒரு கை வேணும்.

இருக்கட்டும், கண்ணைத் தொடச்சுண்டு அப்பறம் கத்தியைப் பிடியும், நான் காத்துண்டிருக்கேன். அந்தத் தழும்பைச் சுத்தி மட்டும் ஒரு முடி விடாம வழிச்சு விடும். இந்தத் தடவையாவது கம்பவுண்டருக்குப் பிடுங்கற வேலை இருக்க வேண்டாம்.