பிரிக்பீல்ட்ஸ் கடைவீட்டுச் சிமெண்டுக் கல் சுவர் வெடித்த விவரம்

என் பெயர் பவுனம்மாள். வயது முப்பது இருக்கலாம். கணவர் பெயர் சின்னையா, கொத்தனார். இருப்பிடம் பிரிக்பீல்ட்ஸ், செங்கற்சூளைக்குப் பின்னால் கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயம். கட்டட வேலைக்குத் தண்ணீர் சுமக்கிறேன்.

ராதாகிருஷ்ணன் என்பவர் கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டிவரும் கடைவீட்டில் என் கணவர் சிமெண்டைத் திருடி விற்றதாகவும், அதனால் சுவர் வெடித்ததாகவும் வீட்டுச் சொந்தக்காரரான அந்த ராதாகிருஷ்ணன் கொடுத்த புகாரில் என் கணவர் லாக்கப்பில் இருக்கிறார்.

செங்கல்லுக்குப் பதிலாகச் சிமெண்டுக் கல் வைத்துக் கட்டச் சொன்னவர் வீட்டுக்காரர். எங்களில் யாரும் அதற்கு முன் அந்தக் கல்லைத் தொட்டதில்லை. செங்கல்லைத் தொட்டியில் ஊறப்போட்டு, குமிழி அடங்கிய பிறகே எடுத்து வைப்பது எங்கள் வழக்கம். ஆகவே சிமெண்டுக் கல்லையும் அவ்வாறே ஊறப்போட்டோம். தண்ணீர் நான் சுமந்தேன். அதன் பிறகு, புதுக் கல் என்ற பயத்தில் என் கணவர் கலவையில் சிமெண்டைக் கூட்டிப் போட்டார். பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர், "கெட்டியா இருக்கட்டும் லா" என்றார்.

மழை விட்டு வெயில் ஏறியதும் சன்னல் மூலையிலிருந்து கீழ்நோக்கி வெடிப்பு விட்டது. என் விரல் உள்ளே போயிற்று. வீட்டுக்காரர் என் கணவரிடம், "டேய், என் சிமெண்டை எந்தக் கடையிலடா போட்டே?" என்றார். "நீங்கதானே அய்யா பக்கத்துல நின்னீங்க?" என்று நான் கேட்டதற்கு, "நான் சுவரைப் பாத்தேன், சிமெண்டுச் சாக்கைப் பாக்கலை" என்று சொல்லி, போலீசைக் கூட்டிவந்தார்.

அதன் பிறகு நேற்று, கலவையைச் சோதிப்பதற்காக ஓவர்சியர் விஜயன் என்பவர் போலீசார் முன்னிலையில் ஆள் வைத்துச் சுவரை உடைத்தார். கல் உடைந்தது. கலவை உடையவில்லை. சம்மட்டிக் காம்பு முறிந்தது. ஓவர்சியர் வீட்டுக்காரரிடம், "வெடிப்பு கலவை வழியாப் போகலை, கல்லைப் பொளந்துக்கிட்டுப் போயிருக்கு. ஊறின கல்லு காயும்போது சுருங்கும். இந்தக் கலவை அதை அசைய விடலை. திருடினவன் இவ்வளவு சிமெண்டு போடுவானா?" என்றார். வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி அவரை விட்டுவிடுவார்கள் என்று நான் லயத்துக்குப் போய் என் கணவரின் மாற்று வேட்டியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தேன்.

எனக்கு முன்பே வீட்டுக்காரர் அங்கே வந்திருந்தார். அளவுக்கு மீறிச் சிமெண்டைப் போட்டு வீணாக்கியதாக இரண்டாவது புகார் கொடுத்துவிட்டார். முதல் புகாரைத் திரும்பப் பெறவில்லை. ஆகவே என் கணவர், சிமெண்டைப் போடாததற்காகவும் அதிகமாகப் போட்டதற்காகவும் ஒரே அறையில் அடைபட்டிருக்கிறார். இரண்டில் எது குற்றம் என்று கனம் கோர்ட்டார் முடிவு செய்து, மற்றதிலிருந்தாவது அவரை விடுதலை செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

இதைத் தமிழில் வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதே எழுதப்பட்டுள்ளது, அத்தனையும் உண்மை.

பவுனம்மாள், இடது பெருவிரல் ரேகை.