நடுவில் நின்ற ராஜமேரி

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, ஒன்றிய ஆணையர் அவர்களே, பெற்ற மகளைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சவரிராயன், லூர்தம்மாள் அவர்களே, சவேரியார் தெருப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் செல்வி ராஜமேரியை வீராங்கனை என்றார்கள். பதினாறு வயதில் இந்த ஊராட்சித் தேர்தலையே திருப்பிப்போட்டவள் என்றார்கள். அத்தனையும் உண்மை. ஆனால் அவளைத் தேர்தலுக்கு இழுத்து வந்தவன் யார் என்று ஒருவரும் சொல்லவில்லை. மரியாதைக்காக விட்டுவிட்டார்கள். நான்தான். தக்காளி மண்டி பச்சியப்பன். உங்கள் ஊராட்சித் தலைவர்.

மண்டியில் ஒரு வழக்கம் உண்டு. புது வியாபாரியை நம்பி விவசாயி சரக்கை இறக்க மாட்டார். இருவருக்கும் வேண்டிய ஒருவர் நடுவில் நிற்க வேண்டும். வியாபாரி ஏமாற்றினால் நடுவில் நின்றவர்தான் ஈடுகட்ட வேண்டும். போன வருடம், எண்பத்தாறில், தெருவுக்குக் குடிதண்ணீர் கொண்டுவருவேன் என்று இங்கே ஓட்டுக் கேட்டேன். சிரித்தீர்கள். சரி, மண்டி வழக்கத்தையே இங்கும் பயன்படுத்துவோம் என்று நினைத்தேன். இந்தத் தெரு யார் சொன்னால் கேட்கும்? பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்களின் கடிதங்களை வீடு வீடாகப் படித்துக் காட்டும் ஒரு பெண் இருந்தாள். அவளைப் பிடித்தேன்.

என்ன வேகம் அந்தப் பெண்ணுக்கு! பள்ளி விட்டு வந்ததும் சுண்ணாம்பு வாளியோடு கிளம்பிவிடுவாள். சுவரெல்லாம் என் ஏணிச் சின்னம்!

"ஏண்டி, ஓட்டே இல்லாத நீ எங்க ஓட்டக் கேக்கறயா?" என்று காசியம்மாள் வம்புக்கு இழுத்தார்.

"அதனாலதான் ஆயா கேக்கறேன். எனக்கு இருந்தா குத்திட்டுப் போயிட மாட்டனா? உன் வூட்டு வாசல்ல எதுக்கு நிக்கறேன்?"

தெருவே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் காசியம்மாள் கேட்டார்: "செரி, தண்ணி வரலைன்னா?"

"நான் பொறுப்பு ஆயா."

நான் பக்கத்தில்தான் நின்றேன். 'நீ ஏன் பொறுப்பு, நானல்லவா பொறுப்பு' என்று சொல்ல எனக்கு வாய் வந்ததா? கும்பிட்ட கையோடு அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.

நூற்றிருபது ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தேன். அது இந்தத் தெரு போட்ட ஓட்டு.

ஆழ்துளைக் கிணறு ஒன்றுக்கு அனுமதி வந்தது. நீரோட்டம் பார்க்க வந்த அதிகாரி இரண்டு இடங்களில் அடையாளக் கல் நட்டார். ஒன்று என் மண்டிக்கு எதிரே. மற்றொன்று, நல்ல ஊற்று என்று அவரே சொன்னது, இதே தெருவில், கோயிலுக்குத் தென்புறம். அன்று நீங்கள் எல்லோரும் களையெடுக்கப் போயிருந்தீர்கள். நீங்கள் திரும்புவதற்குள் அந்தக் கல்லை ஆள்விட்டுப் பிடுங்கியவன் நான்! கைக்கு வந்துவிட்ட சரக்குக்கு எந்த வியாபாரி மறுபடி விலை கொடுப்பான்? உங்கள் ஓட்டை அப்படித்தான் நினைத்தேன்.

"உங்க தெருவுல ஊத்தே இல்லியாம்மா. மண்டிக்கு எதிர்ல கெணறு போட்டுக் கொழாயில கொண்டாந்துடறேன்" என்று ராஜமேரியிடம் சொன்னேன். நம்பினாள். வீடு வீடாகப் போய் அதையும் சொன்னாள். என் வாக்கைச் சுமந்தவள் என் பொய்யையும் சுமந்தாள்.

தெருப் பெண்கள் காலிக் குடங்களை அவள் வீட்டு வாசலில் வரிசையாக வைத்தார்கள். "ஏணிக்காரி, வந்து ஊத்துடி!" என்றார்கள். நடுவில் நின்றவளைத்தானே கேட்பார்கள்? அவள் என்ன செய்தாள்? ஈடுகட்டினாள்! தன் பேச்சைக் கேட்டு ஓட்டுப் போட்ட, நடமாட முடியாத ஐந்து கிழவிகளுக்குத் தினமும் பள்ளிக்குப் போகுமுன் ஒன்றரை மைல் தள்ளியுள்ள வயல் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்தாள்.

இந்தச் சித்திரையில் வண்டியில் போகும்போது அவளைப் பார்த்தேன். இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம்.

"இன்னும் ரெண்டு மாசம் பொறுத்துக்கம்மா" என்றேன்.

"எனக்கு வேண்டாங்க தலைவரே. காசியம்மா ஆயாகிட்ட நீங்களே வந்து ஒரு தேதி சொல்லிருங்க. சொல்லிச் சொல்லி எனக்கே வெக்கமா இருக்குதுங்க."

"பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

அதற்கு ஒன்பதாம் நாள், அந்த வயல் கிணற்றுப் படிக்கல்லில் கால் வழுக்கி விழுந்தாள்.

அதோ, காசியம்மாள் தலையில் அடித்துக்கொள்கிறார். ஆயா, வேண்டாம். குடம் வைத்த எந்தப் பெண்ணும் தன்னை நொந்துகொள்ள வேண்டாம். இரண்டு வாரமாக இந்தத் தெருவே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திரிகிறது. அதைப் பார்த்தபிறகுதான் எனக்கு இந்த மேடையில் நிற்கத் துணிவு வந்தது. விதி என்று ஆறுதல் சொன்னவர்களுக்கும் சொல்கிறேன்: விதி இல்லை, பச்சியப்பன்.

ராஜமேரியின் பணியைத் தொடர்வோம் என்றார்கள். எது அவள் பணி? தண்ணீர் சுமப்பதா? சின்னம் வரைவதா? சொன்ன சொல்லுக்கு வாசலில் வந்து நின்று பதில் சொல்வது! அதை இன்று நான் தொடங்குகிறேன். கல்லைப் பிடுங்கியதை எழுதிக் கையெழுத்திட்டு, காலையில் ஆணையரிடம் கொடுத்துவிட்டேன். பதவி போகுமென்றால் போகட்டும். வியாழக்கிழமை துளைபோடும் வண்டி வருகிறது; கோயிலுக்குத் தென்புறம்தான் நிற்கும். இதை அவள் உயிருக்கு ஈடு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லவிடாதீர்கள்.

மௌன அஞ்சலி கொஞ்சம் பொறுக்கட்டும். உங்களுக்குள் கேள்வி இருக்கிறது, திட்டும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன பிறகே இறங்குவேன்.

லூர்தம்மா, முதலில் நீங்கள் கேளுங்கள்.