கரிநிறத் தரை

வீட்டுத் தரைக்கு அடர்ந்த நிறம் வேண்டாம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தூசியை எடுத்துக் காட்டும், வீடு சின்னதாகத் தெரியும். கடைக்காரப் பெண்ணும் அதையே சொன்னாள். "முதல்ல ஒரு ரூமுக்கு மட்டும் போட்டுப் பாருங்கம்மா." நான் ஒரே ஓர் அறையை மட்டும் விட்டுவிட்டு, மீதி வீடு முழுக்கப் போடச் சொன்னேன். கரிநிற வினைல் விரிப்பு, உயர்ந்த ரகம். மரம் போலவே ரேகை ஓடும். என் இஷ்டப்படி இந்த வீட்டுக்குள் வந்த முதல் பொருள் அதுதான், மேடம்.

விட்டுவைத்த அறை என் கணவருடையது. அங்கே பழைய வெள்ளை டைல்ஸே இருக்கட்டும் என்றேன்.

"அது மட்டும் ஒட்டாம நிக்குமே?" என்றார் தரை போட வந்தவர்.

"அவருக்குப் புதுசு எதுவும் ஆகாது" என்றேன். பொய்யில்லை. ஞாபகம் கலையத் தொடங்கியதிலிருந்து எதைக் கண்டாலும் அவருக்கு மிரட்சி.

டாக்டர் அறை வாசலில் ஒரு கறுப்பு மிதியடி கிடந்தது. இவர் அதன் விளிம்பில் நின்றுவிட்டார். "பள்ளம்டி, கண்ணு தெரியலையா?" டாக்டர் பொறுமையாக விளக்கினார். "இந்த நோய் இருக்கறவங்களுக்குக் கறுப்பா இருக்கற இடம் குழி மாதிரி தோணும்மா. வீட்ல இந்த மாதிரி ஏதாவது இருந்தா எடுத்துடுங்க." நன்றி சொன்னேன். அவரை வீட்டில் விட்டுவிட்டு அன்றே கடைக்குப் போனேன்.

நன்றாக இருந்த காலத்தில் அவர் வேலைக்குப் போகும்போது என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவார். கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம். காய்ச்சலில் கிடந்தபோதும் பூட்டினார். என் தம்பி ஜன்னல் கம்பி வழியாக மாத்திரை கொடுத்துவிட்டுப் போனான். அப்போது யாரும் விசாரிக்க வரவில்லை. "உன் மேல அவ்வளவு பாசம்" என்றார்கள்.

தரை போட்டபின் அவர் அறை வாசலைத் தாண்டவில்லை. காலை நீட்டுவார், இழுத்துக்கொள்வார். கூடத்துக்கு அப்பால் இருக்கும் குளியலறைக்கு அவர் கண்ணைப் பொத்தி, கைபிடித்து நான்தான் கூட்டிப் போவேன். மற்ற நேரம் நிம்மதியாக டிவி பார்த்தேன். அதை ஏன் மறைக்க வேண்டும்?

பிறகு அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். ரொட்டி, பழம், ஜாடி நிறையத் தண்ணீர் எல்லாவற்றையும் அவர் கண்ணில் படும்படி கூடத்து மேசையில் வைத்தேன். "இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போயேன்" என்றாள் அக்கா. இருந்தேன்.

திரும்பி வந்தபோது வெள்ளை டைல்ஸின் கடைசி வரிசையில் கிடந்தார். உதடு வெடித்திருந்தது. ஜாடியில் தண்ணீர் குறையவே இல்லை.

தெரிந்தேதான் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கிளம்பும்போதுகூட அவரிடம் சொன்னேன், மேடம்: "இது தரைதாங்க, பள்ளமில்ல, தைரியமா நடந்து வாங்க." வாழ்நாளில் ஒரு தடவையாவது என் பேச்சை நம்பியிருந்தால் அவர் பிழைத்திருப்பார்.