தொழுவத்து மண்

பாலராமபுரத்திலிருந்து கிழக்கேகோட்டை வரும் காலை பஸ்ஸில், என் முன் இருக்கையில் நடுத்தர வயதுத் தம்பதி. 'மண் பரிசோதனை' என்று எழுதிய துணிப்பை கணவர் மடியில் இருந்தது.

"பையில நீங்க வச்ச மண்ணைக் கொட்டிட்டு, தொழுவத்துப் பக்கத்துக் கறுத்த மண்ணை நிரப்பிட்டேன்."

"ஏட்டி! வாழைத் தோட்டத்துல எட்டு இடத்துல வெட்டிக் கலந்த மண்ணாக்கும்!"

"வெளிறிக் கிடந்துது. ஆபீசர் நம்மளைப் பத்தி என்ன நினைப்பாரு?"

"இலை மஞ்சளிக்குது, என்ன உரம் போடணும்னு கேக்கத்தானே போறோம்? எனக்குக் காய்ச்சல்னா உன் ரத்தத்தையா பரிசோதிப்பாங்க?"

"உங்களுக்குக் குணமாகும்னா கொடுப்பேன்."

அவர் மடியிலிருந்த பையைக் கையில் எடுத்தார்.

"எழும்பு. திரும்பப் போய் வெட்டுவோம். நாலு குழி எனக்கு, நாலு உனக்கு."

கரமனையில் இருவரும் இறங்கினார்கள். பையை அவள் வாங்கிக்கொண்டாள்.